எப்சிபா: ஒரு பெயரின் பிறப்பும் பரவலும்

தமிழகத்துச் சீர்திருத்தத் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் மரியாள், எலிசபெத்து, ரூத், எஸ்தர், சாராள் ஆகிய பெயர்கள் நிறைந்திருக்கக் காண்கிறோம். அவற்றினிடையே, எண்ணிக்கையில் குறைந்ததாயினும் தலைமுறைதோறும் விடாது தோன்றிவரும் பெண்பாற் பெயர் ஒன்று உண்டு. அதுவே எப்சிபா என்பது. முதியோரிடத்தில் எப்சிபாள் என்றும், பள்ளி செல்லும் சிறுமியரிடத்தில் ஹெப்சிபா என்றும், வீட்டில் எப்சி அல்லது ஹெப்சி என்றும் அது வழங்குகிறது. இப்பெயரைத் தம் மகளுக்கு இட்ட பெற்றோரைப் பொருள் கேட்டால், வேதத்தில் உள்ள பெயர் என்பதற்கு மேல் விடை கூறுவோர் சிலரே. ஆயினும், இப்பெயரின் வரலாற்றை ஆராயுமிடத்து, அது திருமறையின் நடுவான செய்தி ஒன்றைத் தன்னகத்தே தாங்கி நிற்பது புலனாகும். மேலும், நம் சிற்றூர்களில் பெண்மகவு பிறக்கும்போது எழும் பெருமூச்சுக்கும் இப்பெயருக்கும் நேரான தொடர்பு உண்டு. ஆகவே இதனை ஆராய்வது பெயராய்ச்சியில் ஆர்வமுடையோர்க்கு மட்டுமன்றி, ஞானஸ்நானத் தொட்டியின் அருகில் நிற்கும் ஒவ்வோர் ஆயருக்கும் பயன் தரும்.

1. சொல்லும் அதன் பொருளும்

எபிரேயப் பெயர்களுள் பல, உண்மையில் சிறு வாக்கியங்களாகும். ஏசாயா என்பது கர்த்தர் இரட்சிப்பாயிருக்கிறார் எனவும், எசேக்கியா என்பது கர்த்தர் என் பெலன் எனவும் பொருள்படும். எப்சிபா என்பதும் இவ்வகையினதே. 'ஹெஃப்சீ' என்பது 'என் மகிழ்ச்சி' அல்லது 'என் பிரியம்' என்றும், 'பாஃ' என்பது 'அவளிடத்தில்' என்றும் பொருள்படும். இவ்விரண்டும் சேர்ந்து, 'என் பிரியம் இவளிடத்தில் உள்ளது' எனும் வாக்கியமாகின்றன.

இதன் வேர்ச்சொல் 'ஹாஃபேட்ஸ்' என்பது. ஒருவர் மற்றொருவரிடத்தில் தாமே விரும்பி மகிழ்ச்சி கொள்ளுதல் இதன் அடிப்படைக் கருத்து. கடமைக்காகவோ கைம்மாறு கருதியோ காட்டும் தயவை இச்சொல் குறிப்பதில்லை. ஏமோரின் மகன் சீகேம் யாக்கோபின் குமாரத்தியின்மேல் கொண்ட விருப்பத்துக்கும் (ஆதி. 34:19), யோனத்தான் தாவீதின்மேல் கொண்ட நட்புக்கும் (1 சாமு. 19:1) இதே சொல்லே ஆளப்பட்டுள்ளது. மனித உறவுகளின் வெம்மை தோய்ந்த சொல் என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழில் இப்பெயர் ஹகரத்தை இழந்து எகரத்தில் தொடங்குவது, பழைய மொழிபெயர்ப்பாளர் மேற்கொண்ட பொதுமுறையின்படியாகும். எப்ரோன், எசேக்கியா, ஏவாள், ஏத்தியர் ஆகிய சொற்களும் மூலமொழியில் ஹகரம் போன்றதோர் ஒலியைக் கொண்டவையே. இன்று ஹெப்சிபா என எழுதுவோர், எபிரேயத்தைக் காட்டிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலையே பெரிதும் பின்பற்றுகின்றனர் எனலாம். இரண்டில் எதுவும் பிழையன்று. ஆயினும் எப்சிபா என்பதே நம் வேதாகமத் தமிழின் இயல்பான வடிவம்.

2. அரசியாகிய எப்சிபாள்

இப்பெயர் பழைய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் காணப்படுகிறது. முதலாவது, 2 இராஜாக்கள் 21:1. அங்கு அது எசேக்கியா அரசனின் மனைவியும் மனாசேயின் தாயுமானவளின் பெயர். நம் பழைய தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் எப்சிபாள் எனப் பெண்பால் விகுதி சேர்த்து எழுதுகிறது. சாராள், ரெபெக்காள், அன்னாள், மரியாள் என்பவற்றைப் போல இதுவும் ஓர் ஆளின் பெயராதலால் இவ்விகுதி பொருத்தமே.

இவ்வரசியைப் பற்றித் திருமறை கூறுவது மிகச் சிறிது. யூதாவின் அரசர்களுடைய தாய்மாரைக் குறிப்பிடும்போது, இராஜாக்களின் ஆகமம் பெரும்பாலும் அவர்தம் தந்தையின் பெயரையோ ஊரையோ சேர்த்துக் கூறும். எப்சிபாளுக்கோ தந்தை பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. இவ்விடைவெளியைப் பிற்கால யூத மரபு நிரப்ப முற்பட்டது. எசேக்கியா ஏசாயா தீர்க்கதரிசியின் மகளை மணந்தான் எனத் தால்மூதில் ஒரு கதை வழங்குகிறது. இதனைக் கொண்டே எப்சிபாள் ஏசாயாவின் மகள் என நம் பிரசங்கிகளுள் சிலர் உறுதியாய்க் கூறுவதுண்டு. இது மரபுக் கதையேயன்றித் திருமறைச் செய்தியன்று என்பதைச் சபையாருக்குத் தெளிவாக்குதல் நலம்.

மனாசே அரசனானபோது பன்னிரண்டு வயதினன். எசேக்கியாவின் நோய் நீங்கி அவன் ஆயுசோடு பதினைந்து ஆண்டுகள் கூட்டப்பட்டன (2 இரா. 20:6). எனவே, இவ்வசனங்களின் கணக்கை அப்படியே கொண்டால், கூட்டப்பட்ட அந்த ஆண்டுகளிலேயே எப்சிபாள் மனாசேயைப் பெற்றாள். ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆண்ட அம்மகன், தன் தந்தை இடித்த மேடைகளைத் திரும்பக் கட்டியவன். எருசலேமைக் குற்றமற்ற இரத்தத்தால் நிரப்பியவன்.

இவ்விடத்தில் மற்றோர் அரசியையும் நாம் நினைவுகூர வேண்டும். யோசபாத்தின் தாயின் பெயர் அசுபாள் (1 இரா. 22:42). எபிரேயத்தில் 'அசூபா' என்பதற்குக் 'கைவிடப்பட்டவள்' என்பது பொருள். கைவிடப்பட்டவள் எனும் பெயருடையாள் நல்லரசன் ஒருவனைப் பெற்றாள். என் பிரியம் இவளிடத்தில் எனும் பெயருடையாள் மனாசேயைப் பெற்றாள். பெயர் ஒருவரின் வாழ்வை முடிவுசெய்யும் மந்திரம் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எண்கணிதம் பார்த்துப் பெயரெழுத்தை மாற்றும் வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நுழைந்துள்ள இந்நாளில், இவ்விரு அரசியரும் நமக்கு நல்ல ஆசிரியைகள்.

3. நகரமாகிய எப்சிபா

இரண்டாவது இடம் ஏசாயா 62:4. இங்கு எப்சிபா ஒரு பெண்ணின் பெயரன்று. எருசலேம் நகருக்குக் கர்த்தர் இடும் புதிய பெயர். தமிழ் வேதாகமமும் இவ்விடத்தில் ளகர விகுதியை விட்டு எப்சிபா என்றே எழுதுகிறது. இன்று நம் பெண்மக்கள் தாங்கியிருக்கும் வடிவம் பெரும்பாலும் இதுவே. அதாவது, அவர்கள் மனாசேயின் தாயின் பெயரையன்று, சீயோனின் பெயரையே பெற்றிருக்கிறார்கள்.

ஏசாயா 56 முதல் 66 வரையுள்ள அதிகாரங்கள், கி.மு. 538க்குப் பின் சிறையிருப்பினின்று திரும்பியோரின் நிலையைக் காட்டுவன எனப் பெரும்பாலான ஆய்வாளர் கருதுவர். மக்கள் திரும்பிவிட்டனர்; ஆனால் வாக்களிக்கப்பட்ட மகிமையைக் காணவில்லை. அலங்கம் இடிந்து கிடந்தது. நிலம் தரிசாய்க் கிடந்தது. அக்கம்பக்கத்தார் எருசலேமைக் கைவிடப்பட்டவள் என்றனர். எருசலேமும் தன்னைக் குறித்து அவ்வாறே எண்ணிக்கொண்டாள். சீயோன் தன்னைக் கர்த்தர் கைவிட்டார் எனப் புலம்புவதை ஏசாயா 49:14இல் முன்னரே காண்கிறோம்.

இந்நிலையில் தீர்க்கதரிசி நான்கு பெயர்களை எடுத்துக்கூறுகிறார். நீங்க வேண்டிய பெயர்கள் இரண்டு: கைவிடப்பட்டவள் எனும் 'அசூபா', பாழானது எனும் 'ஷெமாமா'. வர வேண்டிய பெயர்கள் இரண்டு: எப்சிபா, பியூலா. பியூலா என்பது மணமுடிக்கப்பட்டவள், வாழ்க்கைப்பட்டவள் எனப் பொருள்படும். அசுபாள், எப்சிபாள் என்போர் எருசலேமின் பழைய அரசமாதாக்கள் ஆதலால், இப்பெயர்களைக் கேட்டோர்க்கு அவ்விருவரும் நினைவுக்கு வந்திருத்தல் கூடும். எவ்வாறாயினும், அரண்மனையில் ஒரு தாயோ தந்தையோ தம் மகளைக் கையிலேந்திக் கூறிய அன்பு வாக்கியத்தை, இங்குக் கர்த்தர் தம் வாயில் எடுத்துக்கொள்கிறார். 'என் பிரியம்' என்பதில் 'என்' எனும் சொல்லுக்குரியவர் மாறிவிடுகிறார். இம்மாற்றத்திலேயே பெயரின் இறையியல் அடங்கியுள்ளது.

ஈண்டுக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அலங்கம் கட்டப்பட்ட பின் எருசலேமுக்கு இப்பெயர் இடப்படவில்லை. அது இன்னும் இடிந்து கிடக்கையிலேயே இடப்படுகிறது. தகுதி கண்டு பெயர் தரப்படவில்லை. பெயரே தகுதியைத் தருகிறது. ஓசியாவின் மகளிடத்திலும் இதனையே காண்கிறோம். இரக்கம் பெறாதவள் எனப் பொருள்படும் லோருகாமா என்பது அவளுக்கு இடப்பட்ட பெயர் (ஓசியா 1:6). அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அந்த மறுப்புச் சொல் நீங்கி, ருகாமா என அழைக்கும் கட்டளை பிறக்கிறது. பெண்ணுக்கு இடப்பட்ட கொடிய பெயரைக் கர்த்தர் மாற்றுகிறார் என்பது தீர்க்கதரிசன நூல்களில் ஒருமுறை மட்டும் ஒலிக்கும் செய்தியன்று.

4. மொழிபெயர்ப்பும் பெயரின் பயணமும்

எபிரேய வேதத்திலுள்ள இச்சொல் உலகமெங்கும் பெண்களின் பெயராகப் பரவியதற்கு, மொழிபெயர்ப்பாளர் செய்த ஒரு தெரிவே பெருங்காரணம். ஏசாயா 62:4இல் வரும் சொற்களைப் பெயராகவே விட்டுவிடுவதா, பொருளை மொழிபெயர்ப்பதா எனும் வினாவுக்கு வெவ்வேறு விடைகள் கிடைத்தன.

எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பு 'என் விருப்பம்' எனப் பொருளையே தந்தது. எரோனிமுவின் இலத்தீன் வேதாகமமும் 'என் விருப்பம் அவளில்' எனப் பொருளையே தந்தது. லுத்தரும் தம் செர்மானிய மொழிபெயர்ப்பில் பொருளையே தந்தார். ஆதலால் கிரேக்க, இலத்தீன், செர்மானிய வேதங்களைப் படித்தோர்க்கு ஏசாயாவின் இவ்வசனத்தில் பெண்ணுக்கு இடத்தக்க பெயர் எதுவும் தென்படவில்லை. உரோமைத் திருச்சபையினரிடத்தில் இப்பெயர் அரிதாயிருப்பதற்கு இதுவும், இப்பெயருடைய புனிதை எவரும் அவர்தம் நாட்காட்டியில் சிறப்புறாமையும் காரணங்களாகும்.

1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமமோ எப்சிபா, பியூலா எனும் இரு சொற்களையும் ஒலிபெயர்த்துப் பெயராகவே வைத்தது. புனிதர் பெயர்களை விலக்கி வேதப் பெயர்களை விரும்பிய பியூரிட்டானியர் இங்கிலாந்திலும் புதிய இங்கிலாந்திலும் இதனைத் தம் பெண்மக்களுக்கு இட்டனர். எனினும் அது என்றும் மிகுதியாகப் பரவவில்லை. சற்றுக் கடினமான, பழமை தோய்ந்த பெயராகவே கருதப்பட்டது. நத்தானியேல் ஹாதார்ன் 1851இல் எழுதிய புதினத்தில், பழம்பெருமை பேசும் முதிர்கன்னி ஒருத்திக்கு இப்பெயரையே இட்டார்.

இதற்கு மாறாக, ஜார்ஜ் எலியட் 1861இல் வெளியிட்ட 'சைலஸ் மார்னர்' எனும் புதினம் இப்பெயரின் பொருளை நன்குணர்ந்து ஆண்டது எனலாம். பனியில் தாய் இறந்து கிடக்க, நெசவாளன் ஒருவனின் அடுப்பருகே தானே வந்துசேர்ந்த பெண்குழந்தைக்கு, அவன் தன் தாயும் தங்கையும் தாங்கியிருந்த இப்பெயரை ஞானஸ்நானத்தில் இடுவிக்கிறான். அயலாள் அதனைக் கடினமான பெயர் என முதலில் தயங்குகிறாள்; வேதப் பெயர் எனக் கேட்டபின் இசைகிறாள். எப்பி எனும் சுருக்கப் பெயரும் தோன்றுகிறது. கைவிடப்பட்ட குழந்தை எப்சிபாவாகிறது. ஆசிரியர் வசனத்தை விளக்காமலே வசனத்தின் கதையைச் சொல்லிவிட்டார்.

யூதரிடையேயும் இப்பெயர் வாழ்கிறது. 1920இல் பிறந்து 1981இல் மறைந்த பியானோக் கலைஞர் எப்சிபா மெனுகின் இப்பெயரை இசையுலகில் அறியச் செய்தார். கில்போவா மலையடிவாரத்தில் 1922இல் ஏற்பட்ட கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு ஒன்றும் எப்சிபா எனும் பெயருடையதே. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்த பேத் அல்பா ஜெப ஆலயத்தின் புகழ்பெற்ற சித்திரத் தளம் அக்குடியிருப்பின் நிலத்திலேதான் வெளிப்பட்டது.

உடன்பிறப்பாகிய பியூலாவின் பயணம் வேறு வகையினது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாண நூலில், வான நகரைக் கண்ணெதிரே கண்டு யாத்திரிகர் இளைப்பாறும் நாடு பியூலா எனப்பட்டது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் மூலமாயமைந்தது அந்நூலே. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க எழுப்புதல் பாடல்களும் பியூலா நாட்டைப் பாடின. எனவே பியூலா எளிதில் பரவியது. எப்சிபாவுக்கு அத்தகைய துணை ஏதும் இல்லை. அது வசனத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த பெயர்.

5. தமிழ்த் திருச்சபையில் எப்சிபா

தமிழ்நாட்டில் ஞானஸ்நானப் பெயர்களின் வரலாறு ஒருசீராய் அமைந்ததன்று. 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பாளையங்கோட்டைப் பிராமண விதவை, வேதத்தில் இல்லாத குளோரிந்தா எனும் ஐரோப்பியப் பெயரைப் பெற்றார். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளையோ ஹென்றி ஆல்பிரட் எனும் பெயர்களைப் பெற்றும், கிருஷ்ண பிள்ளை எனும் பெயரை விடவில்லை. அருளம்மாள், ஞானப்பூ, அன்னபாக்கியம் எனத் தமிழ்ப் பெயர்களும் இடப்பட்டன. இவற்றோடு வேதப் பெயர்களும் பெருகின.

நம் மக்கள் நெடுங்காலமாய்ப் பயின்றுவரும் வேதாகமம், பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871இல் நிறைவெய்திய ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அது ஏசாயா 62:4இல் எப்சிபா, பியூலா என ஒலிபெயர்ப்பையே கொண்டது. அதே வசனத்தின் பிற்பகுதியில் பொருளும் விளங்கிவிடுகிறது. எனவே எழுத்தறிந்த தாய் ஒருத்திக்கு இவ்வொரு வசனம் பெயரையும் அதன் விளக்கத்தையும் ஒருங்கே தந்தது. மொழிபெயர்ப்பாளர் பொருளை மட்டும் தந்திருப்பின், இன்று நம் சபைகளில் எப்சிபா எனும் பெயருடையோர் இரார்.

இப்பெயர் மறையாது நிலைத்தமைக்கு வேறு காரணங்களும் உண்டு. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசனங்களைப் பெறும் வழக்கம் ஏசாயாவின் பிற்பகுதியை நம் மக்களுக்கு மிக நெருக்கமாக்கியது. நெடுநாள் பிள்ளையில்லாதிருந்து பெற்றவர்களும், துயரின் நடுவே மகளைப் பெற்றவர்களும் இவ்வதிகாரத்தில் தங்கள் கதையைக் கண்டனர். பெந்தெகொஸ்தே சபைகளும் வாக்குத்தத்தப் பெயர்களை மிக விரும்பின. தெலுங்கு, மலையாள நாட்டுச் சீர்திருத்தச் சபைகளிலும் இதனையே காண்கிறோம். பிறர்க்கு எளிதில் வாய்க்காத அரிய பெயர் வேண்டும் எனும் இக்காலப் பெற்றோரின் விருப்பமும் இதற்குத் துணைசெய்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அருகிவிட்ட ஒரு பெயர், நம் சபைகளின் ஓய்வுநாட் பள்ளிகளில் உயிருடன் இருக்கிறது.

6. ரிஷிவந்தியமும் 'வேண்டா' எனும் பெயரும்

இனி, நம் ஆய்வை நம் மண்ணில் ஊன்றிக் காண்போம். கல்வராயன் மலைக்குக் கிழக்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது ரிஷிவந்தியம். ரிஷிகள் வந்தனை செய்த இடம் என ஊர்ப் பெயருக்குப் பொருள் கூறுவர். இங்குள்ள பழைய சிவன் கோயிலில் இறைவன் அர்த்தநாரீசுவரர் எனவும், அம்பிகை முத்தாம்பிகை எனவும் வழங்கப்பெறுகின்றனர். இறைவனிடத்தில் பாதி பெண் என்பது அக்கோயிலின் கொள்கை. பெண்ணை முத்து என்பது அம்பிகையின் பெயர். முத்தம்மாள், முத்தாம்பாள் எனும் பெயர்கள் நம் சிற்றூர்களில் வழங்குவதையும் அறிவோம். பெண்மகவை விலையுயர்ந்ததாய்க் காணும் எண்ணம் இம்மண்ணுக்கு அயலானதன்று என்பதை இவை காட்டும்.

ஆயினும் இதே வடதமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வேறுவகைப் பெயர்களும் உண்டு. அடுத்தடுத்துப் பெண்மக்கள் பிறந்த வீட்டில் கடைசியாய்ப் பிறந்தவளுக்கு வேண்டா, வேண்டாம், போதும்பொண்ணு எனப் பெயரிடுவர். அவ்வாறு இட்டால் அடுத்தது ஆண்மகவாகும் என்பது நம்பிக்கை. திருத்தணியை அடுத்த நாராயணபுரத்தில் இவ்வழக்கம் நிலவுவதை 2019இல் செய்தித்தாள்கள் விரிவாய் எடுத்துக்காட்டின. இது தமிழர்க்கு மட்டும் உரியதும் அன்று. மராத்தி நாட்டில் நகுசா, நகுசி எனும் பெயர்கள் வேண்டாதவள் என்றே பொருள்படும். அங்குச் சத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில், இத்தகைய பெயர் தாங்கிய 285 பெண்பிள்ளைகளுக்கு அரசு அலுவலர் முன்னிலையில் விழா எடுத்துப் புதுப்பெயர்கள் வழங்கப்பெற்றன. அப்பிள்ளைகளில் பலர் தம் புதுப்பெயரைத் தாமே தெரிந்துகொண்டனர்.

இப்பெயர்கள் வெறும் சொற்களாய் நின்றுவிடுவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்குழந்தைகளுக்குப் பெண்குழந்தைகள் இந்தியா முழுவதிலும் 919, தமிழ்நாட்டில் 943 எனக் கணக்காயிற்று. கருவிலிருப்பது ஆணா பெண்ணா எனக் கண்டறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டிருந்தும் நிலை இதுவே. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011இல் விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. ரிஷிவந்தியம் அப்போது விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். எனவே, வேண்டா எனும் சொல் எங்கோ தொலைவில் வழங்குவதன்று. நம் ஆயர் எல்லைக்குள்ளேயே தொட்டிலருகில் நின்று பேசும் சொல் அது.

1860களில் தென்னார்க்காட்டில் பணி தொடங்கிய தேனிய மிஷனின் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும், பிற சபைகளும் இவ்வட்டாரத்தில் ஊழியம் செய்கின்றன. இங்குள்ள சபைகளில் ஆயராய் அமர்வோர், வேண்டா எனும் பெயருடைய பெண் ஞானஸ்நானம் பெற வந்து நிற்கும் நேரத்தை எதிர்பார்க்கவேண்டும். அப்போது ஏசாயா 62 பழைய நூலின் ஓர் அதிகாரமாய் இராது. வேண்டா என்பது அசூபாவின் நேர்த் தமிழாக்கம். அதற்கு விடையாய்த் தரப்பட்ட பெயர் எப்சிபா.

7. சிலுவையில் சந்தித்த இரு சொற்கள்

இப்பெயரைக் கிறிஸ்தவப் பெயர் என அழைப்பதற்கு, அது வேதத்தில் உள்ளது என்பது மட்டும் போதிய காரணமாகாது. ஆழமான காரணம் ஒன்று சங்கீதம் 22இல் இருக்கிறது. அச்சங்கீதத்தின் முதல் வசனத்தில், தேவன் கைவிட்டதைக் குறித்த கூக்குரல் எழுகிறது. அங்குள்ள எபிரேய வினைச்சொல், அசூபா எனும் பெயர் பிறந்த அதே வினையாகும். எட்டாம் வசனத்தில், கர்த்தர் இவன்மேல் பிரியமாயிருக்கிறாரே எனும் பொருள்பட எதிரிகள் ஏளனம் பேசுகின்றனர். அங்குள்ள எபிரேயச் சொற்கள் 'ஹாஃபேட்ஸ் போ' என்பன. 'போ' என்பது 'அவனிடத்தில்' எனப் பொருள்படும் ஆண்பால் வடிவம். எப்சிபாவில் உள்ள 'பாஃ' அதன் பெண்பால் வடிவம். ஆகவே அசூபா, எப்சிபா எனும் இரு பெயர்களின் வேர்களும் இவ்வொரு சங்கீதத்தில் அருகருகே நிற்கின்றன.

இவ்விரண்டையும் மத்தேயு சிலுவையின் அடியில் கொண்டுவந்து சேர்க்கிறார். 27ஆம் அதிகாரம் 43ஆம் வசனத்தில், தேவன் இவன்மேல் பிரியமாயிருந்தால் இரட்சிக்கட்டும் எனும் கருத்தில் பிரதான ஆசாரியர் பரிகசிக்கின்றனர். மூன்று வசனங்களுக்குப் பின், கைவிடப்பட்டவரின் கூக்குரலை ஆண்டவர் தம் வாயினாலேயே எழுப்புகிறார். பிதாவின் பிரியத்துக்கு முழுமையாய் உரியவர், கைவிடப்பட்டவர் எனும் பெயரைத் தாமே ஏற்றுக்கொண்டார். யோர்தானில் அவர்மேல் உண்டான பிரியத்தின் சொல், கல்வாரியில் கேலிச்சொல்லாய்த் திரும்பிற்று. உயிர்த்தெழுதலோ அக்கேலிக்குப் பிதா தந்த விடை.

இதனால் நாம் அறிவது யாது? கைவிடப்பட்டவள் எனும் பெயர் எளிதில் அழிக்கப்பட்ட பெயரன்று. ஒருவர் அதனைச் சுமந்தார். ஆதலால் அது நீங்கிற்று. கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெறும் பெண்குழந்தைக்கு எப்சிபா எனப் பெயரிடுங்கால், அக்குழந்தையின் அழகையோ குணத்தையோ நாம் பாராட்டவில்லை. அவளுக்குரிய வேண்டாமையை ஒருவர் ஏற்றுக்கொண்டார் என அறிக்கையிடுகிறோம்.

8. ஆயர்ப்பணிக்குச் சில கருத்துகள்

முதலாவது, பெயரிடுதலை ஆயர் வெறும் பதிவேட்டுப் பணியாய்க் கருதலாகாது. ஞானஸ்நானத்துக்கு முன் பெற்றோரைச் சந்திக்கையில் பெயரின் பொருளை விளக்கி, அதற்குரிய வேதப் பகுதியை அவர்களோடு வாசித்தல் நலம். பொருளறியாது இடப்பட்ட எப்சிபா எனும் பெயர் வெறும் ஓசையாகவே நின்றுவிடும்.

இரண்டாவது, எப்சிபா எனும் ஒலியைத்தான் இடவேண்டும் என்பதில்லை. எழுபதின்மரும் எரோனிமுவும் லுத்தரும் பொருளை மொழிபெயர்த்தனர், நாமும் மொழிபெயர்க்கலாம். பிரியா எனும் எளிய பெயர் எப்சிபாவின் பொருளுக்கு மிக நெருங்கியது. தமிழ்ப் பெயரை விரும்பும் குடும்பத்தாரிடம், அது கிறிஸ்தவப் பெயரன்று எனக் கூறுவது அறியாமையாகும்.

மூன்றாவது, வேண்டா எனும் பெயருடன் வரும் வளர்ந்த பெண்ணிடத்தில் மிகுந்த மென்மை வேண்டும். அப்பெயரைச் சபையார் முன் விளக்கி அவளை நாணச் செய்தல் ஆகாது. பெயர் மாற்றம் அவளுடைய விருப்பமாய் இருக்கவேண்டும். பள்ளிச் சான்றிதழ், அரசிதழ் அறிவிப்பு முதலிய நடைமுறைகளில் சபை அவளுக்கு உதவவேண்டும். பழைய பெயரையே வைத்துக்கொள்ள அவள் விரும்பினால், அதற்கும் இடமுண்டு. அசுபாள் தன் பெயருடனேயே யூதாவின் அரசமாதாவாய் இருந்தாள் அல்லவா?

நான்காவது, பியூலாவைக் குறித்துப் பிரசங்கிக்கையில் எச்சரிக்கை தேவை. மணமானவளே கர்த்தருக்குப் பிரியமானவள் எனும் எண்ணம் எழுந்தால், விதவையரும் மணமாகாதோரும் கணவனால் தள்ளப்பட்டோரும் மீண்டும் அசூபாக்களாவர். தீர்க்கதரிசி பேசுவது கர்த்தருக்கும் அவர்தம் மக்களுக்கும் உள்ள உடன்படிக்கையைப் பற்றியே. அவ்வுடன்படிக்கையில் இவர்கள் ஒவ்வொருவரும் முழு உரிமையுடையோர்.

ஐந்தாவது, மகளுக்கு எப்சிபா எனப் பெயரிட்டு, மூன்றாவதும் பெண்ணா எனத் துக்கம் விசாரிக்கும் சபை, தன் பதிவேட்டையே பொய்யாக்குகிறது. பெண்மகவு பிறந்த வீட்டுக்கு ஆயர் சென்று நன்றி செபம் செய்வது, ஆண்மகவு பிறந்த வீட்டுக்குச் செல்வதைவிடக் குறைவான மகிழ்வோடு நிகழலாகாது. மகளின் படிப்புக்கெனச் சேர்த்ததை வரதட்சிணைக்கெனத் திருப்பும் குடும்பத்தில் அப்பெயர் நாள்தோறும் மறுக்கப்படுகிறது. கிறிஸ்தவர்க்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. அதனை நம் குடும்பங்கள் கைக்கொள்ளுகின்றனவா என வினவுவதும் ஆயரின் கடமையே.

முடிவுரை

அரண்மனையில் ஒரு மகளுக்கு இடப்பட்ட பெயர், இடிந்த நகருக்குக் கர்த்தர் இட்ட பெயராயிற்று. பியூரிட்டானியரின் வீடுகளிலும், கதையில் வரும் நெசவாளனின் குடிசையிலும் தங்கி, தமிழ் வேதாகமத்தின் வழியாய் நம் ஊர்களை வந்தடைந்தது. எண்ணிக்கையில் அது என்றும் சிறுபான்மைப் பெயரே. ஆயினும் அதன் பொருள் ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு பெண்குழந்தைக்கும் உரியது. மரியாள் என்றாலும் முத்தம்மாள் என்றாலும் வேண்டா என்றாலும் உரியது. பெயரைச் சிலருக்கே இடுகிறோம். அப்பெயரின் செய்தியையோ எல்லாருக்கும் அறிவிக்கக் கடன்பட்டிருக்கிறோம்.